கணக்குப் புத்தகம் யார் கையில்? – தோட்டக் கடனும் நாட்டுக் கடனும் ஆவணப்படங்களும்



சென்ற தவணையில் நான்காம் படிவ மாணவர்களுக்குக் கருத்து விளக்கக் கட்டுரை நடத்தினேன். தலைப்பு 'கடன்'. வெறும் வாயால் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று 'ஐ.ஓ.யூ.எஸ்.ஏ.' என்ற ஆவணப்படத்தில் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்க அரசாங்கத்தின் கடன் எப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று வரைபடம் போட்டுச் சொல்லும் படம் அது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்:

"டீச்சர், எங்க கொள்ளுத் தாத்தா தோட்டத்துல குடிச்சே கடனாளி ஆனாராம். அப்பா சொல்வாரு. நாடும் அப்படித்தான் கடனாளி ஆவுதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அன்று மாலை பெஸ்தாரி ஜெயா வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. தோட்டத்துத் தமிழனின் கடனுக்குக் காரணம் குடி என்பது ஒன்று. நாடு என்பது ஒரு பெரிய குடும்பம், குடும்பம் கடன்படுவதுபோல நாடும் கடன்படுகிறது என்பது இன்னொன்று. முதலாவது அவன் வீட்டிலிருந்து வந்தது. இரண்டாவதை நான் காட்டிய படம்தான் கொடுத்தது. இரண்டையும் சரிபார்க்காமல் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டப் புறங்களிலும் பாடம் நடத்தும் நண்பர்களுக்கு இது உதவலாம்.

முதல் சம்பளத்துக்கு முன்பே வந்த கடன்

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். 1905இல் மலாயாவுக்கு வந்த ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர், சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியவரும் இவர்தான். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தென்னமரம் என்ற பெயரே நம் மொழியில் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காட்டை அழித்து, கன்று நட்டு, பால் வெட்டுவதற்கு ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை வருமானம் கிடையாது. அதனால் தோட்டம் போட்ட துரைமாரும் பிறர் பணத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஃபொக்கொனியேவுக்கு அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜிய முதலீட்டாளரின் துணை இருந்தது. 1909இல் சொக்ஃபின் நிறுவனத்தைத் தொடங்கியவர் அந்த ஹாலேதான். அன்றைய ரப்பர்க் கம்பெனிகள் பலவும் லண்டனிலும் பிரசல்ஸிலும் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் நடந்தவை. துரை பெற்ற பணத்துக்கு 'முதலீடு' என்று பெயர். அது நஷ்டமானால் கம்பெனி மூடப்படும், துரை கப்பல் ஏறிப் போய்விடலாம்.

தொழிலாளி பெற்ற பணத்துக்குக் 'கடன்' என்று பெயர். ஒப்பந்தக் கூலி முறையில் கப்பல் செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. அதாவது, மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன்பே அவர் கடனாளி. குடிப்பதற்குக் கையில் காசு வரும் முன்பே கடன் வந்துவிட்டது!

கங்காணி முறையில் முகம் மாறியது. சொந்த ஊர்க்காரரே ஆள் பிடிக்க வந்தார். ஊரில் இருந்த கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, வீட்டில் விட்டுவர என்று முன்பணம் கொடுத்தார். தன் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. ஆள் ஓடிவிட்டால் தலைக்காசும் போச்சு, கொடுத்த முன்பணமும் போச்சு. ஆகவே ஆளைக் கட்டி வைக்க அவருக்குக் காரணம் இருந்தது. கயிறாகக் கடன் இருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதே கதை இன்னும் வெளிப்படையாக நடந்தது. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பட்ட கடன் எவ்வளவு என்று துரை அந்தத் துண்டில் எழுதித் தருவார். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆட்கள் கைமாறுவார்கள். கடன் தொகையே மனிதனின் விலையாகிவிட்டது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

மலாயாவில் 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குக்கு ஏற்ப அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அதிலிருந்து போகும். 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. இதன் பிறகு வந்தவர்கள் வழிச் செலவுக் கடன் இல்லாமல் இறங்கினார்கள். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகும் உரிமையும் காகிதத்தில் இருந்தது.

இங்கே மாணவர்களை ஒரு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள்: "கப்பல் கடன் போன பிறகும் ஏன் தோட்டத்துல கடன் போகல?"

பற்றுப் புத்தகம்

பதில் தோட்டத்துக் கடையில் இருக்கிறது. தோட்டம் உள்ளே, டவுன் வெளியே. பத்தாங் பெர்ஜுந்தைக்கோ கோலசிலாங்கூருக்கோ போய் வருவது ஒரு நாள் வேலை. அரிசியைத் தோட்ட நிர்வாகமே கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கும். மற்ற சாமான் எல்லாம் தோட்டத்துக் கடையில் பற்று. பல தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, இந்தப் பக்கம் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தோடு நிற்பார். கூலி இந்தக் கையில் வந்து அந்தக் கையில் போகும்.

பற்றுப் புத்தகத்தை எழுதியவர் யார்? கடைக்காரர். படிக்கத் தெரியாதவர் யார்? வாங்கியவர். விலை என்ன, எடை என்ன, போன மாதம் கட்டியது கழிந்ததா என்று கேட்க முடியாத ஒருவருக்குக் கணக்கு எப்போதும் மீதி காட்டியது. நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு என்று நினைக்கிறேன். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எழுத்தும் எண்ணும் கற்ற முதல் பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன செய்திருக்கும்? அப்பாவின் பற்றுக் கணக்கைக் கூட்டிப் பார்த்திருக்கும், இல்லையா?

பின்னாளில் அந்தப் புத்தகம் '555' ஆனது. அட்டையில் 555 என்று அச்சடித்த சின்ன நோட்டு. நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. மலாய்க்காரர்களும் சீனர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 'புக்கு தீகா லீமா' என்றால் கடன் என்று எல்லாருக்கும் புரியும்.

சரி, குடி? குடி இல்லை என்று சொல்ல வரவில்லை. கள்ளுக்கடை குடும்பங்களை அழித்தது உண்மை. பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே, உரிமம் பெற்று. கள் வாங்க லயத்துக்குப் பக்கத்திலேயே போதும் என்ற ஏற்பாட்டைத் தொழிலாளி செய்யவில்லை.

இதற்குச் சான்று 1941இல் இருக்கிறது. அந்த ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் தொடங்கி சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது. துரை முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது! மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் கேட்டவர்கள் அந்தத் தொழிலாளர்களே. 'குடித்தே கெட்டவர்கள்' என்று அவர்களின் கொள்ளுப்பேரன் வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறான். வரலாறு தெரியாததன் விலை இதுதான்.

கடனிலிருந்து மீள நாமே தேடிய வழிகள்

வட்டிக்குக் கொடுத்தவர்கள் என்றால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நினைவுக்கு வருவார்கள். மலாய் மொழியில் 'செத்தி' என்றாலே வட்டிக்குக் கொடுப்பவர் என்றாகிவிட்டது. அவர்களின் வாடிக்கையாளர் பெரும்பாலும் நிலம் உள்ளவர்கள்: மலாய்ச் சிறுதோட்டக்காரர், சீன வணிகர், சிறிய எஸ்டேட் முதலாளி. அடமானம் வைக்க நிலம் இல்லாத பால்வெட்டுத் தொழிலாளி அந்தக் கிட்டங்கியின் படியேறுவது அரிது. செட்டியார்களும் ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் தொழிலைப் பெருக்கினார்கள். மலாய் விவசாயிகளின் நிலம் கடனுக்காகக் கைமாறுகிறது என்ற கவலை 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. ஆகவே கடன் தமிழனின் தனிப் பிரச்சினை இல்லை. அன்று மலாயாவில் எல்லா இனத்து உழைப்பாளியும் ஏதோ ஒரு புத்தகத்தில் பெயர் எழுதப்பட்டவர்தான்.

1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கான சிக்கனச் சங்கங்களும் பின்னர் உருவாயின. சட்டம் வருவதற்கு முன்பும் பின்பும் நம் பெண்கள் நடத்தியது கூட்டு. பத்துப் பேர் மாதம் பத்து வெள்ளி போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பது. காது குத்தும் பள்ளிச் சீருடையும் கூட்டுப் பணத்தில் நடந்தன. இந்த வார்த்தை நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது தெரியுமா? 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'கூட்டு நிதி (தடை) சட்டம்'. கூட்டு நடத்துவதை வணிகமாகச் செய்து ஏமாற்றுபவர்களைத் தடுக்க வந்த அந்தச் சட்டத்தில், மலாய் வடிவத்திலும் ஆங்கில வடிவத்திலும் நம் தமிழ்ச் சொல்தான் நிற்கிறது.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையோடு வீடும் போனது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் கூரையும் போகும். அதற்குப் பதிலாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரர் பங்குக்காரர் ஆனார். பணம் அதே பத்து வெள்ளிதான். கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் எழுதப்பட்ட பக்கம்தான் மாறியது.

ஆவணப்படங்கள் கடனை எப்படிச் சொல்கின்றன

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு படங்களுக்கு வருவோம். நான் பார்த்தவரை கடனைப் பற்றிய ஆவணப்படங்கள் மூன்று வழிகளில் கதை சொல்கின்றன.

முதல் வழி, எச்சரிக்கை. நான் வகுப்பில் காட்டிய 'ஐ.ஓ.யூ.எஸ்.ஏ.' (2008) இந்த வகை. இயக்குநர் பேட்ரிக் கிரீடன். அமெரிக்க அரசாங்கத்தின் தலைமைக் கணக்காய்வாளராக இருந்த டேவிட் வாக்கர் ஊர் ஊராகப் போய்க் கடனைப் பற்றிப் பேசுவதைப் படம் தொடர்கிறது. வரைபடம் அழகு, எண்கள் தெளிவு. ஆனால் அடிப்படைக் கருத்து ஒரு குடும்ப உவமைதான்: வரவுக்கு மேல் செலவு செய்கிறோம், சேமிப்பதில்லை, பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம். நியூயார்க்கில் 1989இல் வைத்த 'தேசியக் கடன் கடிகாரம்' சொல்வதும் இதுதான். எண் ஓடும், அருகில் ஒரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும். பார்ப்பவருக்குப் பயம் வரும். யாரிடம் வாங்கினோம், எதற்கு வாங்கினோம் என்பதைக் கடிகாரம் சொல்லாது.

இரண்டாவது வழி, முகம். ஜேம்ஸ் ஸ்கர்லாக் இயக்கிய 'மேக்ஸ்ட் அவுட்' (2006) கடன் அட்டையில் சிக்கியவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறது. அதில் எலிசபெத் வாரன் சொல்லும் ஒரு செய்தி முக்கியமானது. அப்போது அவர் சட்டப் பேராசிரியர். திருப்பிக் கட்டத் திணறுபவர்களுக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்தால் திவாலாவோர் குறைவார்கள் என்று அவர் ஒரு வங்கிக்கு யோசனை சொன்னாராம். லாபமே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று பதில் கிடைத்ததாம். இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டத்துப் பற்றுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. முழுதாக அடைத்துவிடும் ஆளைவிட, எப்போதும் கொஞ்சம் மீதி வைக்கும் ஆள்தான் கடைக்கு லாபம். (இந்தப் படத்தில் கடனால் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களின் தாய்மார்கள் பேசும் பகுதி உண்டு. ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியை வகுப்பில் தவிர்ப்பது நல்லது.)

மூன்றாவது வழி, அமைப்பு. ஸ்டெஃபனி பிளாக்கின் 'லைஃப் அண்ட் டெட்' (2001) ஜமைக்காவைப் பற்றியது. 1977இல் பிரதமர் மைக்கல் மேன்லி காலத்தில் ஜமைக்கா அனைத்துலக நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் செய்தது. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியதும் அமெரிக்காவிலிருந்து மலிவான பால்மாவு வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயிகள் கறந்த பாலைத் தரையில் கொட்டினார்கள். மேன்லியே கேமரா முன் உட்கார்ந்து, தமக்கு வேறு வழியில்லாமல் போனதைச் சொல்கிறார். இங்கே கேள்வி 'ஏன் அதிகம் செலவு செய்தாய்' என்பதல்ல. 'நிபந்தனையை எழுதியவர் யார்' என்பது. ஜமைக்காவும் கரும்புத் தோட்ட நாடு, அங்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

கிரேக்கப் படமான 'டெட்டோக்ரஸி' (2011) இன்னும் ஒரு படி போகிறது. ஒரு நாட்டின் பெயரில் வாங்கிய கடன் அந்த மக்களுக்காகச் செலவாகவில்லை என்றால், மக்கள் அதைக் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறது. எக்குவடோர் தன் கடனைத் தணிக்கை செய்ய ஆணையம் அமைத்ததை உதாரணம் காட்டுகிறது. வேகமான படம், ஒரு பக்கச் சார்பும் உண்டு. எதிர்த்தரப்புக்கு அதில் இடம் குறைவு. அதையும் மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

எச்சரிக்கைப் படத்தை மட்டும் காட்டினால், கடன் என்பது ஒழுக்கக் கேடு என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அமைப்புப் படத்தை மட்டும் காட்டினால், நம் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைப்பார்கள். நான் செய்த தவறு, ஒன்றை மட்டும் காட்டியது.

நம் நாட்டின் டிரில்லியன்

2018 மே மாதம் ஆட்சி மாறியதும் நாட்டின் கடன் 1 டிரில்லியன் ரிங்கிட் என்ற செய்தி வந்தது. நிதியமைச்சு தந்த கணக்கு 1.087 டிரில்லியன். அதில் மூன்று பகுதிகள் உண்டு. மத்திய அரசு நேரடியாக வாங்கிய கடன் 686.8 பில்லியன். அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த கடன்களில் அரசே கட்ட வேண்டி வரலாம் என்று கருதியது 199.1 பில்லியன். தனியாரோடு செய்த கூட்டுத் திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய குத்தகைத் தொகை 201.4 பில்லியன்.

முதல் எண்ணை மட்டும் சொன்னால் அன்றைய உள்நாட்டு உற்பத்தியில் 50.8 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் 80.3 விழுக்காடு. எந்தக் கணக்கு சரி என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. மாணவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். "மாமா மோட்டார் வாங்க உங்க அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காரு. அது அப்பாவோட கடனா, இல்லையா?" என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அதுதான் அன்று நாடாளுமன்றத்திலும் நடந்தது.

அந்தச் சமயத்தில் மக்கள் தங்கள் காசைப் போட்டு நாட்டின் கடனை அடைக்க உதவத் 'தாபோங் ஹராப்பான்' நிதி தொடங்கப்பட்டது. 200 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. மக்களின் மனம் பெரிது. ஆனால் டிரில்லியன் முன்னால் அது ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கை மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1எம்டிபி விவகாரத்தைப் பற்றிய 'தி கிளெப்டோகிராட்ஸ்' (2018) படத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 2012, 2013ஆம் ஆண்டுகளில் அந்த நிறுவனம் பத்திரங்கள் மூலம் 6.5 பில்லியன் அமெரிக்க டாலர் கடன் திரட்டியது. படம் அந்தப் பணம் ஆடம்பரக் கப்பலாகவும் ஹாலிவுட் படமாகவும் ஆனதைத் துப்பறியும் கதைபோலச் சொல்கிறது. சுவாரசியம்தான். ஆனால் படகைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தக் கடனைக் கட்டுவது யார் என்பது மறந்துவிடும்.

இனி அந்த மாணவனின் இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். நாடு குடும்பம் போன்றதா? கொஞ்சம் ஆம், பெரும்பகுதி இல்லை. குடும்பத் தலைவருக்கு வயதாகும், ஓய்வு வரும். நாடு தொடர்ந்து வரி வசூலிக்கும். குடும்பம் தன் பணத்தைத் தானே அச்சடிக்க முடியாது. நம் மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரிங்கிட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் வரம்பு இல்லாமல் அச்சடித்தால் என்ன ஆகும் என்பதை நம் தாத்தாக்கள் ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டில் பார்த்துவிட்டார்கள். 1945இல் ஒரே நாளில் அது வெறும் காகிதம் ஆனது. அதனால்தான் கடனுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. 55 விழுக்காடாக இருந்ததை, கோவிட் காலத்தில் 2020இல் 60 என்றும் 2021இல் 65 என்றும் உயர்த்தினார்கள்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது வேறொன்று. அரசாங்கம் வாங்கும் கடனில் பெரிய பங்கைக் கொடுப்பது 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. அதாவது கே.டபிள்யூ.எஸ்.பி. பால் மங்கு தூக்கிய நம் பாட்டிமாரின் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில்தான் சேர்ந்தது. ஆக, நாட்டின் கடன் என்று சொல்லும்போது, நாடு நம் பாட்டிக்கும் கடன்பட்டிருக்கிறது! கங்காணி புத்தகத்தில் வாங்கியவர் பக்கத்தில் மட்டுமே இருந்த பெயர், இங்கே கொடுத்தவர் பக்கத்தில் இருக்கிறது. ஒருவரின் கடன் இன்னொருவரின் சொத்து என்பதைச் சொல்லாமல் கடனைப் பற்றி எடுத்த படம் பாதிப் படம்தான்.

நாட்டுக் கடன் இப்படி என்றால், நாம் கவலைப்பட வேண்டியது வீட்டுக் கடன்தான் என்று படுகிறது. 2020 இறுதியில் மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 93 விழுக்காட்டைத் தொட்டது. பிறகு சற்றுக் குறைந்தாலும் உயரத்தில்தான் இருக்கிறது. அன்று பால் வெட்டிய பெஸ்தாரி ஜெயாவில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. நம் பிள்ளைகள் பலர் 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடனோடுதான் மேற்படிப்புக்குள் நுழைகிறார்கள். முதல் சம்பளத்துக்கு முன்பே கடன்! கொள்ளுத் தாத்தாவின் கதை வேறு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: இவர்களுக்குப் படிக்கத் தெரியும். ஒப்பந்தத்தைப் படித்து, வட்டி என்ன, எத்தனை வருடம் என்று கேட்க முடியும். கேட்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.

வகுப்பறைக்கு

எந்தக் கடன் படத்தைக் காட்டினாலும் நான் இப்போது நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். ஒன்று, கடன் யாருடைய பெயரில் இருக்கிறது, பணம் யாருக்குப் போனது? இரண்டு, கணக்கை எழுதியவர் யார், படிக்க முடிந்தவர் யார்? மூன்று, கட்டாவிட்டால் யாருக்கு என்ன நடக்கும்? நான்கு, இந்தப் படம் யாரைப் பேச வைத்தது, யாரை விட்டுவிட்டது? இதே நான்கையும் தோட்டத்து வரலாற்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் வாதக் கட்டுரைக்கும் நல்ல சட்டகம் கிடைக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வகுப்பில் யாரையும் 'உங்க வீட்டுல கடன் இருக்கா' என்று கேட்காதீர்கள். ஆலோங்காரன் வாசலில் சாயம் ஊற்றிய வீட்டுப் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். தாத்தா பாட்டியின் காலத்தைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அது போதும். இன்றைய வீட்டு நிலைமை தெரிய வந்து உதவி தேவைப்பட்டால், பள்ளி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பெற்றோருக்கு 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

அந்த மாணவனுக்கும் அதே வேலையைத்தான் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பாட்டியிடம் பேசிவிட்டு வந்தான். கைப்பேசியில் பதிவு செய்திருந்தான். பாட்டி சொன்னது இது: "மாமனார் குடிப்பாருதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கடை பாக்கி குடிச்ச பாக்கி இல்லய்யா. மாமியா செத்தப்ப வாங்குனது, என் கல்யாணத்துக்கு வாங்குனது, உன் பெரியப்பாவுக்குச் சப்பாத்து வாங்குனது. எவ்வளவு கட்டுனோம்னு எங்களுக்குத் தெரியாது. அவரு புக்குலதான் எழுதியிருந்துச்சு."

வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினான். மூன்று நிமிடம்கூட இருக்காது. யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த ஆண்டு காட்டிய கடன் படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

உங்கள் வட்டாரத்திலும் இப்படிப் பேச இன்னும் சில பாட்டிமார் இருப்பார்கள். அடுத்த விடுமுறைக்குள் பிள்ளைகளை அனுப்பிக் கேட்டு வரச் சொல்லுங்கள்.